இரு வழி நீரும் ஒரு மடையும்

சங்க அலுவலகத்தில் இணையத் தொடர்புகளைச் சேர்த்தல் பற்றி அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

சங்கத்தின் உயிர்நிலை அதன் பேரேடு. அப்பேரேடு இன்று கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கூலியை அங்கத்தினரின் வங்கிக் கணக்கில் வரவு வைப்பதும், சேலையின் படத்தை அனுப்பித் தொலைவூர் வணிகரிடம் கேட்பு வாங்குவதும் வழக்கமாகி வருகின்றன. இக்காரியங்கள் யாவும் ஒரு மெல்லிய இணைய வடத்தை நம்பியே நடைபெறுகின்றன.

கூலி நாளன்று நண்பகலில் அவ்வடம் அறுந்துவிட்டதாக எண்ணிப் பாருங்கள். வாரம் முழுதும் தறியில் அமர்ந்து உழைத்த அங்கத்தினர் மாலையில் கடைத்தெருவுக்குச் செல்லக் காத்திருக்கிறார். காரியதரிசியோ கணிப்பொறித் திரையைப் பார்த்தவண்ணம் கைபிசைந்து நிற்கிறார். மல்லிகை பயிரிடுவோர் நிலையும் அத்தகையதே. விடியலில் பறித்த மொட்டு மலர்வதற்குள் விற்றாக வேண்டும். மாட்டுத்தாவணிச் சந்தையின் அன்றைய விலை உரிய நேரத்தில் கைக்கு எட்டாவிட்டால், பின்னர் எட்டி யாது பயன்?

ஆதலின், ‘ஒரு தொடர்பு போதாது, இரண்டாவது ஒன்றும் வாங்குவோம்’ என்ற எண்ணம் நிர்வாகக் குழுவில் எழுவது இயல்பே. ஆனால் அப்படி வாங்குமுன் இரண்டு வினாக்களைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு தொடர்புகள் இருந்தால் வேகம் இரட்டிக்குமா? ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று தாங்குமா? இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிச் சங்கப் பணத்தைச் செலவிட்டுப் பின் வருந்துவதைத் தவிர்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

பெரியாறு கற்பிக்கும் பாடம்

இரு வழிகளை ஒன்று சேர்க்கும் வித்தை மதுரைச் சீமைக்குப் புதிதன்று. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்துவந்த பெரியாற்று நீரை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகையில் சேர்த்தனர். அவ்வணை 1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. சேர்ந்த நீர் பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வழியே மேலூர்ப் பக்கத்து வயல்களுக்கு இன்றும் பாய்கிறது.

அதனால் நமக்கு விளைந்த நன்மை நீரின் அளவு கூடியது மட்டுமன்று. பெரியாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவ மழையால் நிறைகின்றது. மதுரைச் சமவெளியோ பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவ மழையை நம்பியிருக்கிறது. ஒரு மழை பொய்த்தால் மற்றொரு மழை தாங்குவதற்கு இடமுண்டு. இரண்டும் ஒரே மழையை நம்பிய ஓடைகளாக இருந்திருந்தால், மழை பொய்த்த ஆண்டில் இரண்டும் ஒருங்கே வறண்டிருக்கும்.

இன்னொன்றையும் காண்க. மலைக்கு அப்பாலிருந்து எத்தனை நீர் வந்தாலும் கடைசியில் நம் வயலுக்கு வருவது ஒரே மடையின் வழியே. மடை பழுதுபட்டிருந்தால் ஆறு இரண்டாயிருந்தும் பயிர் வாடும்.

இணையத் தொடர்புகளைச் சேர்ப்பதற்கும் இவ்விரு விதிகளே பொருந்தும். சேரும் வழிகள் வேறு வேறு காரணங்களால் வீழ்வனவாக இருத்தல் வேண்டும். அவை வந்து கூடும் மடை பழுதின்றி இருத்தல் வேண்டும்.

வேகம் என்பது யாது?

இணைய வேகத்தை ‘பிட்’ என்னும் அலகால் அளப்பர். பத்து லட்சம் பிட்டுகள் ஒரு மெகாபிட் ஆகும். கோப்புகளின் அளவையோ ‘பைட்’ என்னும் அலகால் குறிப்பர். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். இவ்வேற்றுமையை அறியாதார், ‘20 மெகாபிட் வேகம் என்றார்களே, 20 மெகாபைட் படம் ஒரு நொடியில் வரவில்லையே’ என்று மயங்குவர். அப்படம் வர எட்டு நொடி ஆகும் என்பதே சரியான கணக்கு.

நம் நாட்டில் ‘பிராட்பேண்ட்’ என்ற பெயருக்குரிய குறைந்த அளவு வேகம் காலந்தோறும் உயர்த்தப்பட்டு வந்துள்ளது. 2004-ஆம் ஆண்டுக் கொள்கையின்படி அது நொடிக்கு 256 கிலோபிட். 2013-இல் 512 கிலோபிட் ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட் என வரையறுக்கப்பட்டது.

தொடர்பு வாங்கும்போது இறங்கு வேகத்தை மட்டும் கேட்டு வந்துவிடுதல் கூடாது. நமக்கு வந்துசேரும் தகவலின் வேகம் இறங்கு வேகம். நாம் அனுப்பும் தகவலின் வேகம் ஏறு வேகம். சுங்குடிச் சேலையின் தெளிவான படங்களை வணிகருக்கு அனுப்பும் சங்கத்துக்கு ஏறு வேகமே முதன்மையானது. மூன்றாவதாகத் தாமதம் என ஒன்றுண்டு. நாம் விடுத்த வினா சென்று விடை திரும்புவதற்கு ஆகும் நேரம் அது. முகம் பார்த்துப் பேசும் கூட்டங்களில் வேகம் மிகுதியாயிருந்தும் பேச்சு இடறுவதற்குப் பல சமயம் இத்தாமதமோ, தகவல் துணுக்குகள் இடையில் தொலைவதோ காரணமாகும்.

மேலூரும் தேனியும்

நம் பகுதியிலேயே நடைபெற்ற இரு முயற்சிகள் இப்பொருளில் நமக்கு வழிகாட்டுகின்றன.

முதலாவது, 2001-ஆம் ஆண்டில் மேலூர் வட்டாரத்தில் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைத்தொடர்பு முறையைக் கொண்டு சிற்றூர்களில் இணைய நிலையங்களை நிறுவினர். அதன் வேகம் நொடிக்கு 35 கிலோபிட் அல்லது 70 கிலோபிட். தொலைபேசியில் பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்தினால் 35 கிடைக்கும். பேச்சின்றி இணையம் ஒன்றையே பயன்படுத்தினால் 70 வரை கிடைக்கும். இன்றைய கணக்கில் மிகச் சிறிய வேகமே. எனினும் சிற்றூர் மக்கள் அதனைக் கொண்டே மனுக்கள் அனுப்பினர். கண்ணின் படத்தை மதுரை மருத்துவருக்கு அனுப்பி ஆலோசனை பெற்றனர். பிற்காலத்தில் அந்நிலையங்களுள் பல மூடப்பட்டன. அவற்றை ஆராய்ந்தோர், நிலையத்தை நடத்துவோருக்குப் போதிய வருவாய் இல்லாமையையும், தொடர்ந்த நிறுவன ஆதரவு குறைந்ததையும் காரணங்களாகக் கண்டனர். சாதனத்தை நிறுவுவதற்கு மட்டும் பணம் ஒதுக்கி, அதனை நடத்துவதற்கு ஒதுக்காமல் விட்டால் நேர்வது இதுவே.

இரண்டாவது, அரவிந்த் கண் மருத்துவமனையின் முயற்சி. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனம், தேனியிலுள்ள தன் மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கண் பார்வை நிலையங்களோடு இணைக்க விரும்பியது. சிற்றூரில் அமர்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் திரையில் கண்டு பேச வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள், வீட்டுக்குள் பயன்படும் ‘வை-ஃபை’ சாதனத்தையே எடுத்து, கோபுரங்களில் திசை நோக்கும் ஆன்டெனாக்களை ஏற்றி, 15 கிலோமீட்டர் வரையுள்ள தொலைவுகளை இணைத்தனர்.

அவ்வளவு தொலைவில் அச்சாதனம் முதலில் மிகக் குறைந்த வேகமே தந்தது. ஒவ்வொரு துணுக்கும் சேர்ந்ததா என்று கேட்டுக் காத்திருக்கும் அதன் வழக்கம், அறைக்குள் பொருந்துமேயன்றி நெடுந்தொலைவுக்குப் பொருந்தவில்லை. ஆராய்ச்சியாளர்கள் புதிய தொடர்பு எதனையும் சேர்க்கவில்லை. அவ்வழக்கத்தை மாற்றி, முறை வைத்துப் பேசும் ஒழுங்கை ஏற்படுத்தினர். அவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வுரையின்படி, வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை உயர்ந்தது. இருக்கும் வாய்க்காலைத் தூர் வாரிய பின்னரே இன்னொரு வாய்க்கால் வெட்ட வேண்டும் என்பது உழவர் அறிந்ததன்றோ!

அவர்களே 2008-இல் மற்றோர் ஆய்வுரையில் எழுதியது நமக்கு இன்னும் முக்கியமானது. அத்தகைய கிராமப்புறத் தொடர்புகள் அறுந்ததற்குப் பெருங்காரணம் மின்சாரக் கோளாறு. மின்னழுத்தம் திடீரெனத் தாவுவதும் தாழ்வதும் கருவிகளைக் கெடுத்தன. மேலும், தொடர்பு அறுந்தபின் பழுது எங்கே என்று தொலைவிலிருந்து காண இயலவில்லை. ஆகவே, முதன்மை வழி கெட்டாலும் கருவியை எட்டிப் பார்க்க உதவும் ஒரு மாற்று வழி, வேகம் குறைந்ததாயினும் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று.

சேர்க்கும் முறைகள் மூன்று

இரு தொடர்புகளை ஒரே அலுவலகத்தில் சேர்ப்பதற்கு இரு வழிகளையும் ஏற்கும் ரூட்டர் ஒன்று தேவை. கடைக்காரர் அதனை ‘டூயல் வான் ரூட்டர்’ என்பார். இதுவே நமது மடை. அதனைக் கொண்டு செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, துணை நிற்கும் முறை. கடைவீதியில் இதற்கு ‘ஃபெயில்ஓவர்’ என்று பெயர். இதில் ஒரு தொடர்பே எப்போதும் வேலை செய்யும். அது வீழ்ந்தவுடன் ரூட்டர் தானாகவே மற்றதற்கு மாறும். இதனால் வேகம் கூடாது, வேலை நிற்காது. துணைத் தொடர்பு விலை குறைந்ததாக இருக்கலாம். கைப்பேசி நிறுவனத்தின் சிம் அட்டை பொருந்தும் சிறு கருவியே பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, பங்கீட்டு முறை. இதனை ‘லோட் பாலன்சிங்’ என்பர். இரு தொடர்புகளும் ஒரே வேளையில் வேலை செய்யும். காரியதரிசியின் கணிப்பொறி ஒரு வழியிலும், விற்பனைப் பிரிவின் கணிப்பொறி மற்றொரு வழியிலும் செல்லும். பலர் ஒருங்கே பணி செய்யும் அலுவலகத்தில் நெரிசல் குறையும். ஆனால் தனியொரு கோப்பு விரைவாக இறங்கும் என எதிர்பார்த்தல் தவறு. ஒரு பாவுக்கு இரண்டு தறிகள் போட்டு ஒரு சேலையைப் பாதி நேரத்தில் நெய்துவிட முடியுமா? இரண்டு தறிகளில் இரண்டு சேலைகளையே நெய்யலாம். அதுபோலவே இதுவும்.

கணக்கால் காண்போம். ஒரு தொடர்பு நொடிக்கு 20 மெகாபிட், மற்றொன்று 10 மெகாபிட் எனக் கொள்வோம். 150 மெகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றை இறக்க வேண்டும். அது 1,200 மெகாபிட் ஆகும். முதல் வழியில் 60 நொடியும், இரண்டாம் வழியில் 120 நொடியும் ஆகும். பங்கீட்டு முறையில் ஒரே ஓட்டமாக இறங்கும் அக்கோப்பு ஏதேனும் ஒரு வழியில்தான் வரும். ஆகவே 60 நொடிக்குக் குறையாது.

இம்முறையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வங்கியின் இணையதளம், நாம் எந்த வழியில் புகுந்தோமோ அவ்வழியிலேயே தொடர்ந்து வர வேண்டும் என எதிர்பார்க்கலாம். நடுவே வழி மாறினால், வேற்றாள் புகுந்தான் எனக் கருதி நம்மை வெளியேற்றிவிடக்கூடும். ஆகவே வங்கிப் பணி முழுவதும் ஒரே வழியில் செல்லுமாறு ரூட்டரில் விதி செய்து வைத்தல் அவசியம்.

மூன்றாவது, முறுக்கு முறை. ‘பாண்டிங்’ என்பது இதன் பெயர். இரு இழைகளைச் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்குவதுபோல, ஒரே கோப்பின் துணுக்குகளை இரு வழிகளிலும் பிரித்தனுப்பி, மறுமுனையில் ஒழுங்காகச் சேர்ப்பது. மேற்சொன்ன கோப்பு இம்முறையில் 30 மெகாபிட் வேகத்தில், அதாவது 40 நொடியில் வரக்கூடும். மெய்யாகவே ஒரு தனிக் கோப்பின் வேகத்தைக் கூட்டுவது இம்முறையே. தொலைபேசி வழி இணையம் நடந்த நாளில், தலா 64 கிலோபிட் கொண்ட இரு வழிகளைச் சேர்த்து 128 ஆக்கும் விதி 1990-களிலேயே வகுக்கப்பட்டது. பல வழிகளில் ஒரே ஓட்டத்தைச் செலுத்தும் ‘மல்டிபாத் டி.சி.பி.’ என்னும் நெறி 2013-இல் வெளிவந்து, 2020-இல் திருத்தம் பெற்றது.

எனினும் முறுக்குவதற்கு இரு முனைகளிலும் ஆள் வேண்டும். நம் அலுவலகத்தில் பிரித்தனுப்பினால் மறுமுனையில் சேர்ப்பதற்கு ஒரு கணிப்பொறி காத்திருக்க வேண்டும். அதற்கு மாதக் கட்டணம் உண்டு. அக்கணிப்பொறி நின்றால் இரு வழிகளும் இருந்தே பயனில்லை. அன்றியும், ஓர் இழை தொய்ந்தும் மற்றோர் இழை இறுகியும் இருந்தால் முறுக்கு எவ்வாறு கெடுமோ, அவ்வாறே ஒரு வழியில் தாமதம் மிகுந்தால் விரைந்து வந்த துணுக்குகள் மெதுவாக வருவனவற்றுக்காகக் காத்துக் கிடக்கும். சிறிய சங்கங்களுக்கு இம்முறை பெரும்பாலும் தேவைப்படாது. அவற்றுக்கு முதலில் வேண்டுவது துணை நிற்கும் முறை. ஆட்கள் பெருகினால் பங்கீட்டு முறை.

இரண்டும் ஒருங்கே வீழ்வது ஏன்?

2008-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகருக்கு அருகே கடலடியில் சென்ற இரு பெரும் வடங்கள் சேதமுற்றன. வேறு வேறு பெயர் கொண்டவை அவை. வெவ்வேறு நிறுவனங்களுக்கு உரியவை. ஆயினும் இரண்டும் ஒரே கடற்பகுதி வழியே சென்றன. விளைவாக, ஐரோப்பாவை நோக்கிய இந்தியாவின் இணையப் போக்குவரத்து பெரிதும் தடைப்பட்டது. பெயர் இரண்டாயிருப்பதால் வழியும் இரண்டாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் தெருவிலும் இதுவே நடக்கும். இரு நிறுவனங்களின் ஒளியிழை வடங்கள் ஒரே மின்கம்பத்தில் கட்டப்பட்டிருக்கலாம். குடிநீர்க் குழாய்க்கோ சாக்கடைக்கோ பள்ளம் தோண்டும்போது ஒரே மண்வெட்டி இரண்டையும் அறுக்கலாம். கம்பி ஒன்று, கைப்பேசி ஒன்று என வாங்கினாலும், அக்கைப்பேசிக் கோபுரத்துக்கே தகவல் வருவது அதே சாலையோர ஒளியிழையாக இருக்கலாம். யாவற்றினும் பொதுவான காரணம் மின்சாரம். மின்சாரம் நின்றால் நம் ரூட்டர் அணைந்துவிடும். தொடர்பு இரண்டாயினும் பத்தாயினும் ஒன்றே.

இதனைக் கணக்கிட்டுக் காண்பது நலம். இஃது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஆண்டுக்கு 300 வேலை நாட்கள், நாளுக்கு 8 மணி. மொத்தம் 2,400 மணி. ஒரு சங்கத்தில் மின்தடையால் 72 மணியும், வடம் அறுவதால் 48 மணியும், ஆக 120 மணி இணையம் நின்றது எனக் கொள்வோம். இரண்டாவதாக வாங்கும் தொடர்பும் அதேபோல 48 மணி அறும் எனவும், இரு வடங்களும் தொடர்பில்லாத காரணங்களால் அறுவன எனவும் கொள்வோம்.

இப்போது சங்கம் இரண்டாவது தொடர்பை மட்டும் வாங்குகிறது. இரு வடங்களும் ஒரே மணியில் அறுந்திருக்கும் நேரம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மணிதான். ஆனால் மின்தடையின் 72 மணி அப்படியே நிற்கிறது. ஆக 73 மணி இழப்பு.

சங்கம் இரண்டாவது தொடர்பை வாங்காமல், ரூட்டரையும் கணிப்பொறியையும் தாங்கும் மின்கலச் சாதனமாகிய யு.பி.எஸ். ஒன்றை மட்டும் வாங்கி, மின்தடையின் இழப்பை முழுதும் போக்குகிறது எனக் கொண்டால், எஞ்சுவது 48 மணி இழப்பு.

இரண்டையும் செய்தால் இழப்பு ஏறத்தாழ ஒரு மணியே!

காண்க: மின்சாரத்தைக் கவனியாமல் வாங்கிய இரண்டாவது தொடர்பைவிட, ஒரு தொடர்போடு சேர்ந்த மின்கலமே மிகுந்த பயன் தந்தது. இரண்டும் சேர்ந்தபோதோ பயன் பன்மடங்காயிற்று. உங்கள் சங்கத்தின் எண்கள் வேறாயிருக்கும். அவற்றை நீங்களே எழுதிக் கண்டுகொள்ள வேண்டும். முறை இதுவே.

சங்கம் செய்யத்தக்கவை

1. ஒரு குறிப்பேடு வைக்கவும். இணையம் நின்ற நாள், மணி, நின்ற நேரம், காரணம் ஆகியவற்றை ஒரு மாதமேனும் எழுதவும். காரணத்தை மின்சாரம், வடம், கருவி என மூன்றாகப் பிரிக்கவும். அக்குறிப்பேடு இன்றி இரண்டாவது தொடர்புக்குத் தீர்மானம் நிறைவேற்றுதல் கூடாது.

2. முதலில் இருப்பதைச் சீர்செய்யவும். ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னே ஒளித்து வைத்திருந்தால் வெளியே எடுத்து உயரத்தில் வைக்கவும். கணக்கெழுதும் கணிப்பொறியைக் கம்பி வழியே ரூட்டரோடு இணைக்கவும். வேகக் குறைவு என்று கருதியது பல சமயம் அறைக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

3. மின்சாரத்துக்கு அரண் செய்யவும். ரூட்டர், ஒளியிழைக் கருவி, கணிப்பொறி ஆகிய மூன்றும் யு.பி.எஸ்.ஸில் இருத்தல் வேண்டும். ரூட்டரை மட்டும் தாங்கச் சிறிய மின்கலமே போதும். மின்தடையின்போது தெருவிலுள்ள நிறுவனத்தின் கருவியும் மின்கலத்தில் இயங்குமா என்பதைக் கேட்டறியவும்.

4. வடம் வரும் வழியை நடந்து பார்க்கவும். இரண்டாவது தொடர்பு வேறு தெரு வழியாகவோ, வேறு வகையாகவோ வருதல் நலம். முதலாவது ஒளியிழையானால் துணை கைப்பேசி வழியாக இருக்கட்டும். சங்கக் கட்டடத்துக்குள் எந்த நிறுவனத்தின் அலை வலுவாக எட்டுகிறது என்பதை அங்கத்தினரின் கைப்பேசிகளைக் கொண்டே சோதிக்கலாம்.

5. துணைத் தொடர்பில் கூலி, வங்கி, கணக்கு ஆகிய இன்றியமையாப் பணிகளுக்கே இடம் தரவும். கணிப்பொறி மென்பொருளின் பெரிய புதுப்பிப்புகள் அவ்வழியே இறங்கினால், வாங்கிய தகவல் அளவு காலை வேளையிலேயே தீர்ந்துவிடும்.

6. மாதம் ஒருமுறை, நிர்வாகக் குழுவினர் முன்னிலையில் முதல் தொடர்பின் வடத்தைப் பிடுங்கிப் பார்க்கவும். எத்தனை நொடியில் துணை எழுந்தது என்று குறிக்கவும். ஆண்டு முழுவதும் சோதியாமல் வைத்த துணை, வேண்டும் நாளில் உதவும் என்பதற்கு உறுதியில்லை. சிம் அட்டைக்குக் கட்டணம் கட்டத் தவறியதும் அன்றுதான் தெரியவரும்!

7. ரூட்டரின் கடவுச்சொல்லும், அதனை மாற்றியமைக்கும் முறையும் ஒருவர் தலையில் மட்டும் இருத்தல் கூடாது. ஒரு தாளில் எழுதி, உறையிட்டு, முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் வைக்கவும். காரியதரிசி விடுப்பில் சென்ற நாளிலும் கூலி வழங்கியாக வேண்டும்.

8. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மாதக் கட்டணத்துக்கும், மின்கலம் மாற்றுவதற்கும் தொகை ஒதுக்கவும். மேலூர் நிலையங்களின் அனுபவத்தை மறவாதிருப்போமாக.

முடிவுரை

சிறு முதல்கள் பல சேர்ந்தால் பெருமுதல் ஆகும் என்னும் கருத்தின் மேலெழுந்ததே கூட்டுறவு. நம் நாட்டில் அதற்கு 1904-ஆம் ஆண்டுச் சட்டம் அடிகோலியது. ஆனால் கூட்டுறவாளர் வேறொன்றையும் அனுபவத்தால் அறிவர். ஒரே பயிரை நம்பி, ஒரே மழையை நோக்கி, ஒரே வணிகருக்குக் கடன்பட்ட நூறு பேர் சேர்ந்த சங்கம், அம்மழை பொய்த்த நாளில் நூறு பேரோடும் தளரும். வேறு வேறு வலிமையுடையோர் சேர்ந்தபோதே ஒருவர் தளர்ச்சியை மற்றவர் தாங்க முடிகிறது.

தொடர்புகளைச் சேர்ப்பதும் அவ்வாறே. ‘எத்தனை தொடர்புகள்?’ என்று கேட்பதற்கு முன், ‘எக்காரணத்தால் இவை ஒருங்கே வீழும்?’ என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை கண்டு, பொதுக் காரணத்தை நீக்கிய சங்கத்தில், கூலி நாளன்று மாலையில் எந்த அங்கத்தினரும் வெறுங்கையோடு வீடு திரும்ப நேராது.

அங்கத்தினர் கூடி ஆராய்வதற்கான வினாக்கள்

1. சென்ற மாதம் நமது சங்கத்தில் இணையம் எத்தனை மணி நேரம் நின்றது? அவற்றுள் மின்சாரத்தால் நின்றது எவ்வளவு?

2. நமது அலுவலகத்தில் ஒரே வேளையில் எத்தனை கணிப்பொறிகள் இயங்குகின்றன? நமக்கு வேண்டுவது துணை நிற்கும் முறையா, பங்கீட்டு முறையா?

3. இரண்டு நிறுவனங்களின் வடங்களும் நமது தெருவில் ஒரே கம்பத்தில் வருகின்றனவா? யார் சென்று பார்த்து வருவது?

4. இணையம் முழுதும் நின்ற நாளில் கூலிப் பட்டியலைத் தாளில் எழுதி வழங்கும் ஏற்பாடு நம்மிடம் உள்ளதா?